மேனேஜர் முழுக்கச் சாப்பிட்டாள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேவலமாகப் பார்க்க வேண்டாம். இந்தக் கதை ஒரு நோட்டிலிருந்து வந்தது. எண்பது பக்கம், நீல அட்டை, மூலையில் நாய் கடித்த தடம். அதில் பாதி என் கையெழுத்து. மீதி, என் கணவராக இருந்தவரின் கையெழுத்து.

பதினேழு வருடமாகக் கதை எழுதுகிறேன். இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. யாரும் அடிக்க வரவில்லை, மாலை போடவும் வரவில்லை. ஆனால் நான் எழுதியதிலேயே வரிக்கு வரி நம்பப்பட்டது அந்த நோட்டில் எழுதியதுதான். அதற்கு ஒரே ஒரு வாசகர். அவரும் பதிலுக்கு எழுதினார், அதை நானும் வரிக்கு வரி நம்பினேன். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு எழுதிய அந்தப் புளுகால் ஒரு கிழ நாய்க்கு இரண்டு மாதம் வைத்தியம் தள்ளிப்போனது.

அதை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கதை. ஒப்புக்கொள்வதென்று முடிவான பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தே பேசப்போகிறேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறவர்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது.

நாய் இப்போது மேசைக்கு அடியில் படுத்திருக்கிறாள். "படுத்திருக்கிறது" என்று எழுதச் சொல்பவர்கள் தாராளமாக இந்தப் பக்கத்தோடு கிளம்பலாம்.

2

இதுவரை மூன்று தொடக்கங்கள் எழுதினேன். கிழித்துப் போட மனசில்லை. இங்கேயே வைக்கிறேன்.

"பதினான்கு வயதான அந்த நாயின் கண்களில் வெண்மேகம் படர்ந்திருந்தது. அது பார்த்த உலகம் —"

[விட்டேன். மேகமாம், மேகம். அது கண்புரை. நாற்காலியில் இடித்துக்கொள்கிறாள், அவ்வளவுதான்.]

"ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் வாசலில் வந்து நின்ற அவர், வாய் கூசாமல் —"

[விட்டேன். இப்படி ஆரம்பித்தால் அவர்தான் குற்றவாளி என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும் என்றுதான் எழுதினேன்.]

"அன்புக்கு எப்போதுமே இரண்டு வீடுகள் உண்டு."

[இதை என் தங்கையிடம் போனில் வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் மேசைக்கு அடியில் படுத்திருந்தவள் எழுந்துவிட்டாள்.]

தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை. அவளுக்கு கோர்ட்டில் வேலை. சாட்சிகள் சொல்வதையெல்லாம் காலையிலிருந்து மாலை வரை டைப் அடிக்கிறவள். என் கதைகளுக்கு முதல் வாசகி அவள்தான். பாராட்டி ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

"அக்கா, அழகா பேசற சாட்சியை எங்க ஜட்ஜ் நம்பவே மாட்டார். என்ன நடந்துதோ அதைச் சொல்லேன்."

"அதைச் சொன்னா கதை ஆகாதுடி."

"ஆகாட்டிப் போகட்டும். நாய் உயிரோட இருக்கில்ல? அது போதாதா?"

3

என்ன நடந்ததோ அதைச் சொல்கிறேன்.

நான் பிழைப்புக்குப் பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகங்களில் கேள்விகள் எழுதுகிறேன். சரியா தவறா, பொருத்துக, கோடிட்ட இடத்தை நிரப்புக, எல்லாம் நான்தான். உங்கள் பிள்ளை திட்டியிருந்தால் என்னைத்தான் திட்டியிருக்கும். என் கணவராக இருந்தவர் லிஃப்ட் மெக்கானிக். அவரை இனிமேல் லிஃப்ட்காரர் என்றே சொல்கிறேன். இருபத்தாறு வருட சர்வீஸ். ஒவ்வொரு லிஃப்டுக்கும் மெஷின் ரூமில் ஒரு அட்டை தொங்கும். என்ன பார்த்தார், என்ன மாற்றினார், எத்தனை மணிக்கு என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு திருகாணியை முடுக்கினால்கூட எழுதுகிற ஆள்.

பதினெட்டு வருடம் சேர்ந்து இருந்தோம். மூன்று வருடத்துக்கு முன்னால் பிரிந்தோம். ஏன் என்று இந்தக் கதையில் வராது. பாத்திரம் பறக்கவில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பிள்ளை இல்லை. அதனால்தான் நாய் வளர்த்தீர்களா என்று கேட்கிற புண்ணியவான்களுக்கு: இல்லை, நாய் பிடிக்கும், அதனால்தான் நாய்.

பிரிந்தபோது தட்டுமுட்டுச் சாமானெல்லாம் அரை மணி நேரத்தில் பிரிந்துவிட்டது. நாய் விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நின்றோம். கடைசியில் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று ஏற்பாடு. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒப்படைப்பு. நோட்டு அவருடைய யோசனை. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டுக் கொண்டுவந்தார்: சாப்பாடு, தண்ணீர், நடை, மாத்திரை, குறிப்பு.

"ஆள் மாறும்போது ரெக்கார்ட் இருக்கணும்ங்க" என்றார்.

இந்த "ங்க"வைக் கவனித்தீர்களா? பதினெட்டு வருடம் நீ, வா, போ என்று பேசியவர், பிரிந்த மறுநாளிலிருந்து "நீங்க, வாங்க" என்று மரியாதை கொடுக்க ஆரம்பித்தார். எனக்குக் கோர்ட் காகிதத்தைவிட அதுதான் சுருக்கென்று தைத்தது. எனக்கும் ஒரு சிக்கல். "ஏங்க" என்று கூப்பிடுகிற உரிமை போய்விட்டது. பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழவில்லை. "இங்க பாருங்க" என்று ஆரம்பித்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

4

நாய்க்குப் பேர் மேனேஜர். அவளைப் பற்றி நான் எழுதினால் காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று ஆகிவிடும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

பழுப்பு நிறம். எந்த ஜாதியும் இல்லை, எல்லா ஜாதியும் உண்டு. ஒரு காது நிற்கும், ஒன்று மடங்கும். குட்டியாக வந்த முதல் நாளே அறை அறையாகப் போய், கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால் என்று எல்லாவற்றையும் மோந்து பார்த்து, திருப்தியில்லாத முகத்தோடு வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தாள். "மேனேஜர் வந்தாச்சுப்பா, எல்லாரும் வேலையைப் பாருங்க" என்றார் லிஃப்ட்காரர். பேர் ஒட்டிக்கொண்டது.

இப்போது மேனேஜருக்குப் பின்னங்கால் இரண்டிலும் மூட்டுத் தேய்மானம். கண்ணில் புரை. ஒரு பக்கம் காது கேட்காது, மறு பக்கம் வேண்டியது மட்டும் கேட்கும். அவள் வழுக்கி விழாமல் இருக்க என் வீட்டுத் தரை முழுக்க ரப்பர் பாய் போட்டிருக்கிறேன். வீடு ஜிம் மாதிரி இருக்கிறது என்று தங்கை சொல்கிறாள். வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தால் முன்னங்கால் இரண்டால் ராணி மாதிரி நடப்பாள். லிஃப்ட்காரர் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு "முதல் மாடி... கதவு திறக்கிறது..." என்று குரல் கொடுப்பார். ஆனால் அவர் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடி. ஊருக்கெல்லாம் லிஃப்ட் போடுகிறவர் பதினெட்டு கிலோ நாயைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுவார்.

இதெல்லாம் வயசுக்கோளாறு. பார்த்துக்கொள்ளத் தெரிந்திருந்தது, பார்த்துக்கொண்டோம். சிக்கல் வந்தது சாப்பாட்டில்.

5

அந்த வாரம் என் முறை. செவ்வாய்க்கிழமை மேனேஜர் தட்டில் பாதி வைத்துவிட்டாள். புதன்கிழமை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நோட்டைத் திருப்பினேன். முந்தைய வாரம், லிஃப்ட்காரர் கையெழுத்தில், ஏழு நாளும்: முழுக்கச் சாப்பிட்டாள்.

அங்கே சாப்பிடுகிறாள். இங்கே சாப்பிடவில்லை.

உங்களுக்கு இந்த இடம் சாதாரணமாகத் தெரியலாம். எனக்கு அப்படி இல்லை. ஒரு நாய்கூட என் கையால் சாப்பிடப் பிடிக்காமல் இருக்கிறது என்று அவர் படிப்பாரே. படித்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டாரே. அந்த ஒன்றும் சொல்லாததைத்தான் என்னால் தாங்க முடியாது.

பேனாவை எடுத்தேன். "முழுக்கச் சாப்பிட்டாள்" என்று எழுதினேன். கை அதோடு நின்றிருந்தால் தேவலை. பழக்கதோஷம். ஒரு நல்ல வாக்கியத்துக்கு இன்னும் கொஞ்சம் உயிர் கொடுக்கலாமே என்று, "இன்னும் கேட்டாள்" என்று சேர்த்தேன்.

அடுத்த வாரம் நோட்டு திரும்பி வந்தது. அப்படியே தருகிறேன்.

அவர்: முழுக்கச் சாப்பிட்டாள். தட்டை நக்கினாள்.

நான்: காலையிலேயே தட்டைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பந்தைத் துரத்தினாள்.

அவர்: பந்தைப் பிடித்தாள். இரண்டு மாடி தானாக ஏறினாள்.

நான்: பக்கத்து வீட்டுப் பூனையைச் சுவர் வரை விரட்டினாள்.

அவர்: மூன்று மாடியும் ஏறினாள். இறங்கவும் செய்தாள்.

எட்டு வாரம் இப்படியே போனது. தாளில் மேனேஜருக்கு வயது குறைந்துகொண்டே வந்தது. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் பால் பல் முளைத்திருக்கும். என் வீட்டில் அவள் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தாள், வாசல்வரை போவதற்குள் சிறுநீர் கழித்தாள், முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் நோட்டைப் பார்த்தால் அடுத்த வாரம் அங்கே போய்த் தேறிவிடுகிறாளே! அப்படியென்றால் நோய் இல்லை, நான்தான் சரியில்லை. இதுதான் என் தர்க்கம். டாக்டரிடம் போனால் அதையே டாக்டரும் சொல்லிவிடுவார் என்று பயம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் அதற்கு மேலே அலங்காரமும் செய்து வைத்தேன்.

6

இங்கே கதையை நிறுத்தி ஒரு பாத்திரத்தைச் சந்தேகப்பட வேண்டும். என்னை அல்ல என்றுதான் நினைத்திருந்தேன்.

சென்ற மூன்று பிரதிகளிலும் முதல் பொய்யை லிஃப்ட்காரர்தான் சொன்னார். அதாவது, அந்த "ஏழு நாளும் முழுக்கச் சாப்பிட்டாள்" பொய் என்று எழுதியிருந்தேன். அவர் ஆரம்பித்தார், நான் வேறு வழியில்லாமல் தொடர்ந்தேன். படிக்கவும் நன்றாக இருந்தது. கதாநாயகிக்கு ஒரு சோகம், ஒரு நியாயம்.

"அக்கா, இதுல நீ ரொம்ப நல்லவளா இருக்கியே" என்றாள் தங்கை.

"இருக்கக்கூடாதா?"

"முதல் பொய் மாமாவோடதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" அவளுக்கு அவர் இன்னும் மாமாதான். கோர்ட்டிலேயே வேலை செய்தாலும் அந்தத் தீர்ப்பை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை.

"எனக்குத் தெரியும்."

"நேர்ல பார்த்தியா?"

"..."

"சரி, 'சாட்சி மௌனம்'னு டைப் அடிச்சுக்கறேன்."

போனை வைத்துவிட்டேன். மரியாதை தெரியாத பெண். ஆனால் அவள் கேட்டது கேட்டதுதான். எனக்கு அதற்குப் பதில் அப்போதே தெரிந்திருந்தது. தெரிந்துதான் மூன்று தடவை மாற்றி எழுதினேன். எப்படித் தெரியும் என்றால், அடுத்த பகுதியில் அவர் தன் வாயாலேயே சொல்வார். இந்தப் பிரதியில் அதை வெட்டமாட்டேன்.

7

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. என் வாசலில் ஒப்படைப்பு. லிஃப்ட்காரர் மேனேஜரைத் தோளிலிருந்து இறக்கினார். கயிறு அவர் கையிலிருந்து என் கைக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் பிடித்திருந்த அந்த நொடியில் அவள் குனிந்து வாந்தி எடுத்தாள். வெறும் மஞ்சள் தண்ணீர். அதன் மேலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அது என் வாரமும் இல்லை, அவர் வாரமும் இல்லை. இரண்டு பேரும் பார்த்துவிட்டோம். எழுதி மறைக்க வழியில்லை.

கிளினிக்கில் டாக்டரம்மா எடை பார்த்தார். பதினெட்டு கிலோ இருந்தவள் பதிமூன்றரை. ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, "சாப்பாடு எப்படி?" என்று கேட்டார். லிஃப்ட்காரர் கடமை தவறாமல் நோட்டை நீட்டினார். பாவம், ரெக்கார்ட் கேட்டால் கொடுத்துவிடுவது அவருக்குப் பழக்கம்.

டாக்டரம்மா நாலு பக்கம் படித்தார். கண்ணாடிக்கு மேலாக மேனேஜரைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

"இந்த நோட்டுல இருக்கற நாயை எப்போ கூட்டிட்டு வரப்போறீங்க?" என்றார்.

எனக்குக் காது சுட்டது. பக்கத்தில் லிஃப்ட்காரர் இருமினார்.

சோதனை முடிவுக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மேனேஜர் எங்கள் இரண்டு பேர் காலுக்கு நடுவில். முதலில் அவர்தான் பேசினார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஒரு வாரம் நீங்க 'இன்னும் கேட்டாள்'னு எழுதியிருந்தீங்க இல்ல? அதுவரைக்கும் எங்கிட்ட நல்லாத்தான் சாப்பிட்டா. அடுத்த வாரம் வந்தா, பாதி வச்சுட்டா. உங்ககிட்ட இன்னும் கேட்டவ எங்கிட்ட வைக்கறாளேன்னு... எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அந்த வாரமே அவ சாப்பிடலங்க."

"என்னது?"

"எங்கிட்ட. அந்த வாரம். சாப்பிடல. நான் சும்மா எழுதினேன்."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படட்டும் என்றுகூட இருந்தது. அவர் முகத்தில் வந்தது வேறு.

"அப்போ பூனை?"

"பக்கத்து வீட்ல பூனையே கிடையாது."

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரிக்க ஆரம்பித்தேன். அப்புறம்தான் பார்த்தேன், அவர் அழுதுகொண்டிருந்தார். பிறகு யார் சிரித்தோம், யார் அழுதோம் என்று எனக்கே தெரியவில்லை. எதிரில் கிளிக்கூண்டை மடியில் வைத்திருந்த ஒரு பெண்மணி எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

"இருபத்தாறு வருஷத்துல ஒரு லிஃப்ட் அட்டையில பொய் எழுதினதில்ல" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எழுதினா ஆள் செத்துடுவாங்கன்னு தெரியும். இங்கயும் அதே கதைதான்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

பாரு. பாருங்க இல்லை. அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. நானும் கவனிக்காத மாதிரியே இருந்துவிட்டேன்.

டாக்டரம்மா கூப்பிட்டார். சிறுநீரகம் இரண்டும் முக்கால்வாசி போயிருந்தது. "குணமாகாது. ஆனா கொஞ்ச நாள் வசதியா வச்சிருக்கலாம்" என்றார்.

"ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா?" இதைக் கேட்டது லிஃப்ட்காரர். நான் கேட்டிருக்கமாட்டேன்.

"இன்னும் நல்லா இருந்திருக்கும். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது. பொய் சொல்லி உங்களை சமாதானப்படுத்தவும் மாட்டேன். அதான் நீங்களே நிறைய சொல்லிட்டீங்களே."

டாக்டரம்மா சொன்னது இதுதான்: தினமும் தோலுக்கு அடியில் சலைன் ஏற்ற வேண்டும். ஒரு ஆள் பிடிக்க, ஒரு ஆள் ஊசி போட. சாப்பிட்டால் சாப்பிட்டாள், சாப்பிடாவிட்டால் சாப்பிடவில்லை என்று இருக்க வேண்டும். கையால் கொடுத்தும் இரண்டு நாள் சேர்ந்தாற்போல ஒன்றுமே எடுக்கவில்லை என்றால் அவரைக் கூப்பிட வேண்டும்.

"அன்னைக்கு என்ன பண்றதுன்னு அன்னைக்குப் பேசலாம். ஆனா அன்னைக்குக் கூப்பிடணும். ரெண்டு நாள் கழிச்சு இல்ல."

8

பயிற்சி.

(அ) கதைசொல்லி நாயை நேசிக்கிறாள். சரியா, தவறா?

(ஆ) சரி எனில், நாய் சாப்பிடாததை ஏன் மறைத்தாள்? இரண்டு வரிகளுக்கு மிகாமல் விடையளி.

இரண்டு வரியில் எழுத முடிந்திருந்தால் நான் இவ்வளவு காகிதத்தை வீணடித்திருக்கமாட்டேன். ஒன்று மட்டும் சொல்வேன். பதினெட்டு வருட இல்லறத்திலும் நாங்கள் செய்தது இதுதான். "எப்படி இருக்க?" "நல்லா இருக்கேன்." "நீங்க?" "எனக்கென்ன, நல்லா இருக்கேன்." பிரிந்ததற்குக் காரணம் கதையில் வராது என்று மேலே சொன்னேன். வந்துவிட்டது. போகட்டும்.

வாரமுறை ஒழிந்தது. மேனேஜர் என் வீட்டோடு; தரைத்தளம், படி இல்லை. லிஃப்ட்காரர் தினமும் காலை ஆறே முக்காலுக்கு வேலைக்குப் போகிற வழியில் வருவார். சலைன் பையை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்திருப்பேன். ஜன்னல் கம்பியில் மாட்டுவோம். நான் தலையைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் ஏதாவது உளறிக்கொண்டிருப்பேன். அவர் தோள்பட்டைத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி ஊசியைச் செருகுவார். முதல் நாள் ஊசி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்து சலைன் முழுக்க அவர் சட்டையில் ஏறியது. மேனேஜர் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள். மெமோ கொடுக்காத குறைதான்.

ஒரு வாரத்தில் தேறிவிட்டோம். பத்து நிமிட வேலை. தோளில் ஒரு தண்ணீர் மேடு எழும்பும், மத்தியானத்துக்குள் வடிந்துவிடும். மாத்திரையை முட்டைக்குள் ஒளித்து வைத்தால் முட்டையைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துடைத்துவைத்தது போலத் துப்புவாள். அவர் மாத்திரையைப் பொடித்துக் கோழி வேகவைத்த தண்ணீரில் கலந்து பீச்சாங்குழலில் ஏற்றி, கடைவாயில் விடக் கற்றுக்கொண்டார். ரப்பர் பாயைத் தினமும் கழுவுகிறேன். துண்டுகள் மலைபோல் காய்கின்றன. அலுப்புத்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பதினைந்தாவது நாள் மேனேஜர் எழுந்து, துண்டு இல்லாமல், தானாக நாலடி நடந்து என் எழுத்துமேசைக்கு அடியில் வந்து விழுந்தாள். நாங்கள் இரண்டு பேரும் கைதட்டினோம். வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

புது நோட்டு போட்டிருக்கிறோம். ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கையெழுத்து. மாதிரிக்கு ஒன்று: "நாலு கவளம். பிறகு வேண்டாம் என்றாள். ஒரு தடவை வாந்தி." இதைவிட நல்ல உரைநடை நான் எழுதியதில்லை. இதில் ஒரு சொல்லைக்கூட என் பத்திரிகை ஆசிரியரால் வெட்ட முடியாது.

9

முடிவுகள். தொழில் தெரிந்தவள் என்ற முறையில் மூன்று தயார் செய்து வைத்தேன்.

முடிவு ஒன்று: மருந்து நன்றாக வேலை செய்கிறது. டாக்டரம்மா ஆச்சரியப்படுகிறார். மேனேஜர் பதினாறாவது வயதில் — [விட்டேன். பழைய நோட்டின் வாடை அடிக்கிறது.]

முடிவு இரண்டு: ஒரு நாள் மத்தியானம், நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே, என் பாதத்தில் தலையை வைத்தபடி, வலியில்லாமல் — [விட்டேன். இது அவளுக்கு வசதியான சாவு இல்லை, எனக்கு வசதியான சாவு. யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை பாருங்கள்.]

முடிவு மூன்று: கிழ நாயைப் பார்த்துக்கொண்ட சாக்கில் பிரிந்த இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். தங்கைக்கு இதுதான் வேண்டும்.

"மாமா டிபன் அங்கயே சாப்பிடறாராமே?"

"சாப்பிட்டா?"

"ஒண்ணுமில்ல. டைப் அடிச்சு வச்சுக்கறேன்."

சேரமாட்டோம். ஐம்பது தாண்டிய இரண்டு பேர் ஒரு நாயின் முன்னால் நிஜத்தைப் பேசப் பழகியிருக்கிறோம். அதற்கு மேல் ஆசைப்பட எனக்குத் தெம்பு இல்லை. அவருக்கும் இருக்காது என்றே நினைக்கிறேன். [கேட்டுப் பார்க்கவில்லை. "நினைக்கிறேன்" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.]

10

இந்தப் பகுதியை இன்று காலை எழுதுகிறேன். சலைன் ஆரம்பித்து நாற்பத்தாறாவது நாள்.

நேற்று மேனேஜர் ஒன்றும் சாப்பிடவில்லை. காலையிலும் இல்லை, மாலையிலும் இல்லை. மாலையில் வேலை முடிந்து அவர் மறுபடி வந்ததும், நோட்டில் அப்படியே எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். கிளம்பும்போது லிஃப்ட்காரர் வாசலில் நின்று, "நாளைக்குச் சாப்பிடுவா பாரு" என்றார். நான் தலையாட்டினேன்.

இன்று ஆறு மணிக்கே அவருக்கு அழைப்பு வந்துவிட்டது. ஏதோ கட்டடத்தில் லிஃப்டுக்குள் ஒரு ஆள் மாட்டிக்கொண்டாராம். நேராக அங்கே போய்விட்டார். அதனால் இன்று காலை நானும் மேனேஜரும் மட்டும்.

முட்டையைப் பிசைந்து, சூடாக, உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். மோந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முரட்டுத்தனமாக இல்லை; விருந்துக்கு வந்தவர்கள் போதும் என்று கையால் மறைப்பார்களே, அப்படி. கோழி கொடுத்தேன். வேண்டாம். தண்ணீரை விரலில் தொட்டு உதட்டில் வைத்தேன். நாக்கு வெளியே வரவில்லை. என் மணிக்கட்டின் மேல் தாடையை வைத்துக்கொண்டு மூச்சு விட்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. முட்டை ஆறிப்போனது.

ஏழேகாலுக்கு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். பிறகு போன் அடித்தது. லிஃப்ட்காரர். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம், யாரோ கத்துகிற சத்தம்.

"சாப்பிட்டாளா?"

அந்தக் குரல் உங்களுக்குக் கேட்க வேண்டும். சாப்பிட்டாள் என்று நான் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கையை அதில் அப்படியே பச்சையாக வைத்திருந்தார். ஒரு வார்த்தைதான். "கொஞ்சம்" என்று சொன்னால் போதும். அவர் அந்த ஆளை நிம்மதியாக வெளியே எடுப்பார். கொஞ்சம் என்பது பொய்கூட இல்லை. மோந்து பார்த்தாள் அல்லவா? என் வாய் அந்தச் சொல்லுக்குத் தயாராகிவிட்டது. பதினேழு வருட அனுபவம்.

"சாப்பிடல" என்றேன். "ஒண்ணுமே எடுக்கல. தண்ணியும் வேணாங்கறா."

மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

"டாக்டருக்குச் சொல்லணுமே" என்றார்.

"சொல்லிட்டேன். பதினொரு மணிக்கு வீட்டுக்கே வர்றாங்க."

"என்ன சொன்னாங்க?"

"மருந்தா, கடைசி ஊசியான்னு பார்த்துட்டுச் சொல்றேன்னாங்க. ரெண்டுக்கும் தயாரா வர்றேன்னாங்க."

"இந்த ஆளை இறக்கி விட்டுட்டு வந்துடறேன். நீ அவ பக்கத்துலயே இரு. எனக்கு பயமா இருக்குடி" என்றார்.

"எனக்கும்" என்றேன்.

வைத்துவிட்டோம். இருபத்தொரு வருடத்தில் எங்களுக்குள் நடந்த மிக நல்ல உரையாடல் இது. இதில் நல்ல செய்தி ஒன்றுகூட இல்லை.

இப்போது மணி எட்டு ஐம்பது. தரையில், ரப்பர் பாயின் மேல், அவள் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக வருகிறது. பதினொரு மணிக்கு என்ன நடக்கும் என்பதை நான் எழுதமாட்டேன். தெரியாததால் மட்டும் அல்ல. நடந்து முடிந்த பிறகும் எழுதமாட்டேன். என் கையில் கொடுத்தால் அவளைப் பந்தின் பின்னால் ஓடவிட்டுவிடுவேன். அல்லது ஒரு அழகான வாக்கியத்தில் சாகடித்துவிடுவேன். இரண்டுக்கும் எனக்குத் திறமை உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

ஆகவே, வாசிக்கிறவரே, முடிவு உங்களுடையது. ஒரே நிபந்தனை. எழுதுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். எனக்கு எதிரில் உட்காருங்கள். முட்டையை நீங்களும் ஒரு முறை நீட்டிப் பாருங்கள். அவசரப்படாதீர்கள், அவளுக்கு மோந்து பார்க்க நேரம் வேண்டும். அவள் என்ன செய்கிறாளோ அதை எழுதுங்கள். கையெழுத்துப் போட நான் இருக்கிறேன்.

வாசலில் அவர் வண்டி வந்து நிற்கிறது. மேனேஜர் மெதுவாகத் தலையை —